தலை இல்லாத உறைக்கு ஒரு சொல்: வியட்நாம் அஞ்சலை வைத்து

அன்புள்ள தபால்தலைச் சேகரிப்புக் கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். தபால்தலை ஒட்டாமல், "கட்டணம் வாங்கியாயிற்று" என்று குத்தி அனுப்புகிற அடையாளத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பரிந்துரைகள் வந்தன, நன்றி. எல்லாவற்றையும் மேசைமேல் கிடக்கும் ஓர் உறைமேல் ஏற்றிப் பார்த்தேன். பல சொற்கள் அங்கேயே கழன்றுவிட்டன. அந்த உறையை முதலில் காட்டிவிடுகிறேன்.

ஹோ சி மின் நகரிலிருந்து 1988இல் பாரிசுக்குப் போன விமானக் கடிதம். சாணித்தாளுக்கு ஒரு படி மேலான பழுப்புக் காகிதம். தலை ஒட்டும் வலது மூலை காலி. அங்கே ஊதா மையில் ஒரு கட்டம், குத்தியவர் அவசரத்தில் இருந்தார் போல, சாய்ந்து விழுந்திருக்கிறது. கட்டத்துக்குள் "பியூ ஃபீ டா ட்ரா". அதன் கீழ் "பி.பி." என்று இரண்டு ரோமன் எழுத்து. அதற்கும் கீழே பேனாவால் ஒரு தொகை. பக்கத்தில் வட்டத் தேதி முத்திரை.

"பியூ ஃபீ" என்றால் அஞ்சல் கட்டணம். "டா" என்பது முடிந்துவிட்டதைக் காட்டும் சொல். "ட்ரா" என்றால் கொடுத்தல். நம் பேச்சில் சொன்னால் "தபால் காசு கட்டியாச்சு". "பி.பி." என்பது "போர் பெயே" என்ற பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம். உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஆட்சிமொழி பிரெஞ்சு; அதனால் எந்த நாட்டு உறையிலும் இந்த இரண்டு எழுத்தைப் பார்க்கலாம். சில உறைகளில் இதற்குப் பதில் "டி.பி." இருக்கும். அது "தாக்ஸ் பெர்சு", அதாவது கட்டணம் வாங்கிக்கொள்ளப்பட்டது. ஒன்று கொடுத்தவர் பக்கத்திலிருந்து பேசுகிறது, மற்றது வாங்கியவர் பக்கத்திலிருந்து. சொல் ஆக்கும்போது இந்த வேறுபாடு நம்மைப் படுத்தப்போகிறது, பாருங்கள்.

இந்தக் குத்து எதற்குத் தேவைப்பட்டது? 1985 செப்டம்பரில் அங்கே நாணயத்தை மாற்றினார்கள். பழைய பத்து டோங்குக்குப் புதிய ஒரு டோங். அடுத்த ஆண்டே விலைவாசி 700 சதவீதத்துக்கு மேல் ஏறியது. கட்டணம் அப்படி ஏறும்போது, முந்தின ஆண்டு அச்சிட்ட தலைகளின் மதிப்பு சில்லறையாகிவிடும். அந்தக் காலத்து உறைகள் சிலவற்றில் முன்பக்கம் இடம் போதாமல் பின்பக்கம் முழுக்கத் தலை ஒட்டியிருப்பார்கள். வடக்கு வியட்நாம் காலத்திலிருந்தே தலைகள் பெரும்பாலும் பசையில்லாமல் அச்சாயின. கிண்ணத்துப் பசையைத் தடவி இருபது தலை ஒட்டுவதைவிட, காசை வாங்கிக்கொண்டு ஒரு குத்து குத்துவது யாருக்கும் எளிது.

சரி, சொல்லுக்கு வருவோம்.

"முன்கட்டண முத்திரை" என்று இருவர் சொன்னார்கள். "முன்" இங்கே எதையும் பிரித்துக் காட்டவில்லை. தலை ஒட்டுவதும் முன்கூட்டிக் கட்டுவதுதானே? பின்னால், அதாவது பெறுபவர் கட்டுவது, நம் ஊர் நாட்பெயிட் (கட்டணம் கட்டாத) கடிதம் மட்டும்தான். "முத்திரை"யிலும் சிக்கல். கொழும்பிலிருந்து எழுதிய அம்மா இதை நினைவூட்டினார்: இலங்கையில் தபால் முத்திரை என்றால் நாம் சொல்லும் தபால்தலை. "முத்திரை இல்லாத உறையில் முன்கட்டண முத்திரை" என்று நான் எழுதினால் திருச்சிக்காரர் ஒன்றைப் படிப்பார், யாழ்ப்பாணத்துக்காரர் வேறொன்றைப் படிப்பார். இது போக, இந்த அடையாளம் எப்போதும் குத்துவதும் இல்லை. உறையிலேயே அச்சடித்திருக்கும், சிலவற்றில் கையால் எழுதியிருக்கும். "குறி" என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கொச்சைப் பொருளை நினைத்து ஒருவர் தயங்கினார். கேள்விக்குறி, காற்புள்ளி என்று குறியும் புள்ளியுமாகத்தானே வாழ்கிறோம். கூட்டுச்சொல்லில் அந்த நெருடல் தங்காது.

"தீர்வைக் குறி" கேட்க நன்றாக இருந்தது. ஆனால் வெளிநாட்டு உறையில் சுங்கச் சீட்டும் ஒட்டியிருக்கும். சுங்கத் தீர்வையா அஞ்சல் தீர்வையா என்று அடிக்குறிப்பு போட வேண்டிவரும். வேண்டாம்.

"கட்டணம் செலுத்தப்பட்டமைக் குறியீடு" என்ற பரிந்துரையை அனுப்பியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதைக் கண்காட்சி அட்டையில் எழுதினால் உறை ஒட்ட இடம் இருக்காது.

"தலையிலி உறை"யும் வந்தது. தலை ஒட்டாத உறைக்குப் பொதுப்பெயராக அது எனக்குப் பிடித்தது. முண்டம் நினைவுக்கு வருகிறது என்று என் மனைவி சொன்னாள், இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது உறையின் பெயர், குறியின் பெயர் ஆகாது. தலை ஏன் இல்லை என்பதையும் அது சொல்வதில்லை.

என் கவலையே இந்தக் கடைசிப் புள்ளியில்தான். தலை இல்லாத உறைகள் எல்லாம் ஒரு சாதி இல்லை. காசு வாங்கியதால் தலை இல்லாத உறை ஒன்று. காசே வாங்காததால் இல்லாதது இன்னொன்று. 1945க்கும் 1954க்கும் இடையே இந்தோசீனாவில் இருந்த பிரெஞ்சுச் சிப்பாய் மூலையில் "எஃப்.எம்." (படையினருக்குக் கட்டணவிலக்கு என்ற பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம்) என்று எழுதிப் போட்டான். 1965க்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய் அதே மூலையில் "ஃப்ரீ" என்று எழுதினான். இருவரும் ஒரு காசு கொடுக்கவில்லை. வடக்கிலோ இன்னும் வேடிக்கை: படைவீரர்களுக்கென்று தனித் தலையே அச்சிட்டார்கள், விலை போடாமல். தலை இருக்கிறது, கட்டணம் இல்லை! எனவே காசு வாங்கியதற்கு ஒரு சொல், காசு வாங்காததற்கு ஒரு சொல் என்று பிரித்தே ஆக வேண்டும். இரண்டாவதற்குக் "கட்டணமிலிக் குறி" என்று வைக்கிறேன். விலையில்லாப் படைத்தலையைக் "கட்டணமிலித் தலை" என்றால் அதுவும் கூடவே வந்துவிடும்.

அடுத்தது அரசு அஞ்சல். ஆங்கிலத்து வழியே போய் "சேவைத் தலை", "பணித்தலை" என்று எழுதியிருக்கிறீர்கள். "பணித்தலை" எனக்கு யாரோ தலை வணங்கி நிற்பதுபோல் இருக்கிறது. வியட்நாமியத் தலையில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்: "சூ வூ". சீனத்திலிருந்து வந்த சொல். காரியம், அலுவல் என்பது பொருள்; சேவை இல்லை. "அலுவல்" நம்மிடமே தயாராக இருக்கிறது. அலுவல் தலை, அலுவல் உறை, அலுவல் அஞ்சல் என்று மூன்றும் தட்டில்லாமல் வருகின்றன. சர்க்கார் கவர் என்று பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

அலுவல் தலை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1953இல் வடக்கு வியட்நாம் வெளியிட்ட சூ வூ தலைகளில் விலை டோங்கில் இல்லை, கிலோவில் இருக்கிறது. 0,600 என்று ஓர் எண், பக்கத்தில் "கிலோ தோக்". பிரெஞ்சு வழக்கப்படி காற்புள்ளிதான் தசமப்புள்ளி. ஆக 600 கிராம். எதில் 600 கிராம்? ஆங்கிலப் பட்டியல்களைப் பார்த்து எழுதினால் "அரிசி மதிப்புத் தலை" என்று வந்துவிடும். தவறு. வியட்நாமியத்தில் வயலில் நிற்பது லுவா, அறுத்து அடித்த மணி தோக், உமி நீக்கியது காவ், பொங்கியது கம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் நான்குக்கும் ஒரே சொல். நமக்கு அந்த வறுமை கிடையாது: பயிர், நெல், அரிசி, சோறு. தோக் என்றால் நெல். ஆகவே அது "நெல் மதிப்புத் தலை". போர்க்காலத்தில் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தபோது, நெல்லே நிலையான அளவாக இருந்தது. 1951 முதல் விவசாய வரியை நெல்லாகவே தண்டினார்கள். வரி நெல்லாக வந்தால் அலுவலகக் கணக்கும் நெல்லில்தானே ஓடும்? களத்துமேட்டில் கூலி அளந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நேராகத் தமிழுக்கு வந்தால் சரியாக வருவது, ஆங்கிலத்தைச் சுற்றி வந்தால் கெட்டுப்போகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அலுவல் உறைகளில் இன்னொரு சிவப்புக் குத்தும் இருக்கும்: "ஹுவா தொக்". நேர்ப்பொருள் நெருப்பு வேகம். அரசுக் கடிதங்களின் அவசரத்துக்கு அங்கே மூன்று படி உண்டு. இது உச்சப் படி. இதற்கு "மிக அவசரம்" என்று எழுதாமல் "தீவிரைவு" என்று வைத்தால் நெருப்பும் வரும், தீவிரமும் வரும். ஆனால் இது கட்டணத்தைப் பற்றிய குறி இல்லை. போன வாரம் ஒருவர் இதையும் கட்டணக் குறிகளோடு சேர்த்துவிட்டார், பிரித்துவிடுங்கள்.

முதல் கேள்விக்கு என் பரிந்துரை: "கட்டியகுறி". டா ட்ரா, கட்டியாச்சு, அவ்வளவுதான். கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து

* * *

மறுமொழி, கொழும்பிலிருந்து:

வணக்கம் ஐயா. நெல் விளக்கம் அருமை. "கட்டியகுறி"யை மட்டும் ஏற்க முடியவில்லை. காசு கட்டுவதும் கட்டு, கயிற்றால் கட்டுவதும் கட்டு. சேகரிப்பாளர்களிடம் இரண்டாவது பொருளில் ஒரு பயன்பாடு ஏற்கெனவே இருக்கிறதே! தேதிக் குத்தின் பாதி தலையிலும் மீதி உறையிலும் விழுந்து இரண்டையும் பிணைத்தால், தலை உறையோடு கட்டுண்டிருக்கிறது என்று சொல்கிறோம். தலை பிறகு ஒட்டியது அல்ல என்பதற்கு அதுதான் சாட்சி. "கட்டியகுறி" என்று அட்டையில் கண்டால் நான் அப்படித்தான் விளங்கிக்கொள்வேன். தலையே இல்லாத உறையில் எதைக் கட்டினது என்று தேடிக்கொண்டு நிற்பேன்.

* * *

மறுமொழி, மதுரையிலிருந்து:

தபால் கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். கொடுத்தது, வாங்கியது என்ற இழுபறி தீர ஒரே வழி கணக்குப் புத்தகம். காசு கையில் வந்தாலும், மொத்தமாகத் தபால் போடும் நிறுவனம் கணக்கில் கட்டினாலும், எங்களுக்கு அது வரவு. "வரவுக்குறி" என்று வையுங்கள்.

* * *

மறுமொழி, திருச்சியிலிருந்து:

கொழும்பு அம்மாவுக்கு: தோற்றேன். "கட்டியகுறி"யை எடுத்துவிடுகிறேன்.

மதுரை ஐயாவுக்கு: வரவு அழகான சொல்தான். ஆனால் உறையின் பின்பக்கம் போய்ச் சேர்ந்த ஊரில் குத்துவதை நம்மில் பலர் வரவு முத்திரை என்கிறோம். ஒரே உறையில் முன்னால் வரவுக்குறி, பின்னால் வரவு முத்திரை என்றால் சண்டை வரும்.

* * *

மறுமொழி, கொழும்பிலிருந்து:

குற்றம் மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது என்று யோசித்தேன். அந்தக் குறி மூலையில் என்ன செய்கிறது? தலை இருக்க வேண்டிய இடத்தில், தலைக்கு ஈடாக இருக்கிறது. ஈடு என்றால் பதில் என்றும் வரும், கொடுத்த மதிப்பு என்றும் வரும். "ஈடுகுறி" என்றால் என்ன? கொடுத்தவர் பக்கமா வாங்கியவர் பக்கமா என்ற கேள்வியும் எழாது. பி.பி.யும் டி.பி.யும் இரண்டுமே ஈடுகுறிதான். "ஃப்ரீ" என்று எழுதினது ஈடுகுறி ஆகாது, ஏனென்றால் அங்கே ஈடாக எதுவும் கொடுக்கப்படவில்லை. நீங்கள் கேட்ட பிரிவினையும் கிடைக்கிறது.

* * *

மறுமொழி, திருச்சியிலிருந்து:

படித்தவுடன் சிரித்துவிட்டேன். இலக்கண வகுப்பில் இடுகுறி, காரணக்குறி என்று உருப்போட்டது நினைவிருக்கிறதா? ஈடுகுறி ஒரு காரணக்குறி! தட்டச்சில் ஒரு நெடில் தவறினால் இடுகுறியாகிவிடும், அது ஒன்றுதான் ஆபத்து. சோதனைக்கு இன்னும் இரண்டு உறைகளை இதில் ஏற்றிப் பார்த்தேன்.

ஒன்று, 1954 ஜெனீவா உடன்பாட்டுக்குப் பிறகு போர்நிறுத்த மேற்பார்வை ஆணையத்தோடு வியட்நாம் போன இந்தியப் படையினரின் கடிதம். ஆணையத்தில் இந்தியாதான் தலைமை. கனடாவும் போலந்தும் உறுப்பு. களத் தபால் நிலையத்தில் இந்தியத் தலைகளையே நாகரி எழுத்தில் "பன்னாட்டு ஆணையம் வியட்நாம்" என்று பொருள்படும்படி மேலச்சிட்டுப் பயன்படுத்தினார்கள். 1965இல் நேரு படம் போட்ட தலையில் "ஐ.சி.சி." என்று ஆணையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம், ரோமன் எழுத்தில். மேலச்சைப் பார்த்து இதை அலுவல் தலை என்று சொல்லத் தோன்றும். ஆனால் முகமதிப்பு அப்படியே இருக்கிறது, வீட்டுக்குக் கடிதம் போடுகிறவரும் அதைத்தான் ஒட்டினார். எனவே ஈடுகுறியும் இல்லை, அலுவல் தலையும் இல்லை. மேலச்சுத் தலை, அவ்வளவே.

மற்றது, அச்சடித்த பழைய படிவத்தைத் திருப்பி மடித்து ஒட்டிய உறை. வெளியே அலுவலக வட்டமுத்திரை, ஒரு சூ வூ தலை, ஹுவா தொக் குத்து. அலுவல் உறை, அலுவல் தலை, தீவிரைவுக் குறி. ஈடுகுறி இல்லை, தலைதான் இருக்கிறதே. மூன்று சொல்லும் இடிக்காமல் உட்கார்ந்தன.

பட்டியலில் இப்படிச் சேர்த்திருக்கிறேன்:

ஈடுகுறி: அஞ்சல் கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு, தலைக்கு ஈடாக உறையில் குத்தியோ அச்சிட்டோ எழுதியோ இடும் குறி.

மதுரை ஐயா, நாட்பெயிட் கடிதத்தில் விழும், பெறுபவரிடம் காசு வசூலிக்கச் சொல்லும் அந்த "டி" குத்துக்கு நீங்கள்தான் அடுத்த இழையைத் தொடங்க வேண்டும். இரட்டிப்புக் காசு வசூலித்தவர் நீங்கள்.