லேக் மார்க்கெட் பக்கம் நல்ல சைனீஸ் கடை உண்டா?

லேக்வாசி:
கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. இந்தப் பேட்டையில் இட்லிக்கும் ஃபில்டர் காபிக்கும் குறைவில்லை, சைனீஸ்தான் அமையவில்லை. போன வாரம் தெருமுனைக் கடையில் வாங்கிய ஹக்கா நூடுல்ஸ் சாஸில் மிதந்தது. "என்ன மாப்பிள்ளை, இது ரசமா?" என்றார் மாமியார். அவர் சைவம் வேறு. நடந்து போகிற தூரத்தில் ஏதாவது?

பழைய கொல்கத்தாக்காரன்:
நடக்கிற ஆசையை விடுங்கள் சார், டாக்ஸி பிடித்து டாங்ரா போங்கள். ஹக்கா சீனர்கள் தோல் பதனிட்டுப் பிழைத்த இடம். தோல் பட்டறைகளை இடம் மாற்றச் சொன்ன 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தோல் தொழில் நகருக்கு வெளியே பாந்தலா பக்கம் நகர்ந்தது. சமையல் மட்டும் டாங்ராவிலேயே தங்கிவிட்டது, நம் நல்லகாலம். சில்லி சிக்கன் கிரேவி வேண்டாம், டிரையாகக் கேளுங்கள். அங்கே சீனக் காளி கோயில் இருக்கிறது, நூடுல்ஸ் படைப்பார்கள். மாமியாரிடம் அதைச் சொல்லிக் கூட்டிப் போகலாம்!

விடிகாலைப்பசி:
ஞாயிறு விடியற்காலை டிரெட்டி பஜார் போங்கள், கொல்கத்தாவின் பழைய சைனாடவுன். தெருவோரத்தில் மீன் உருண்டை சூப், பன்றிக்கறி பன், மோமோ. எட்டு மணிக்கு மேல் போனால் காலிப் பாத்திரம்தான் பார்ப்பீர்கள். மெட்ரோவை நம்பாதீர்கள், ஞாயிறு தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும்.

லேக்வாசி:
சரி, டிரெட்டிக்கு நான் மட்டும். மாமியார் எழுவதற்குள் திரும்பிவிடுவேன். அப்புறம் காளி கோயில்.