மூன்று அப்பத்தா, ஒரு பல்லாங்குழி

போன மாதம் எங்கள் போட்டோ குழுவில் கொடுத்த சவால், ஒரே ஆளைப் பல உருவமாகக் காட்டும் படம். எனக்கு உடனே ஊர் ஞாபகம்தான் வந்தது. சிவகங்கைப் பக்கம் எங்கள் வீட்டுப் பட்டாசாலையில், அதாவது முற்றத்தை ஒட்டிய கூடத்தில், கூட ஆட ஆள் இல்லாத நாளில் பல்லாங்குழியின் இரண்டு பக்கத்தையும் அப்பத்தாவே ஆடிக்கொள்வாள். அதையே படமாக்கலாம் என்று கிளம்பினேன். இரண்டு அப்பத்தா எதிரெதிரே உட்கார்ந்து ஆட வேண்டும், பக்கத்தில் தூணோரம் மூன்றாவது அப்பத்தா முத்தை, அதாவது ஆடும் புளியங்கொட்டையை, களவாட வேண்டும். ஒவ்வொரு உருவத்தையும் தனித்தனியாக எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றாக ஒட்டுவதுதான் வழி.

டிரைபாடை நட்டு, மேனுவல் மோடில் வெளிச்ச அளவை எஃப் 8, 1/60, ஐஎஸ்ஓ 800 என்று வைத்து, ஃபோகஸையும், நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிட்டேன். ஆட்டோவில் விட்டால் சேலை மாறும்போதெல்லாம் கேமராவும் வெளிச்சத்தை மாற்றிக்கொள்ளும். அப்புறம் ஒட்டிய இடம் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியும் முதல் நாள் எடுத்தது வீண். அப்பத்தா சேலை மாற்றி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் முற்றத்திலிருந்து விழுந்த வெயில் தரையில் ஒரு சாண் நகர்ந்திருந்தது, பாயும் இழுபட்டிருந்தது. மறுநாள் பாயின் நான்கு மூலைக்கும் டேப் போட்டு, வெயில் உள்ளே இறங்குவதற்கு முன்பே முடித்தோம்.

பெரிய சிக்கல் பார்வைதான். எதிரே முக உயரத்துக்கு ஸ்டூல் போட்டு ஒரு செம்பை வைத்து, “இதைப் பாருங்க அப்பத்தா” என்றேன். செம்பைப் பார்த்த முகம் கல்லாகிவிட்டது. சரி என்று நானே எதிரில் உட்கார்ந்து நிஜமாகவே ஆட ஆரம்பித்தேன், தம்பி ரிமோட்டை அழுத்தினான். நான் இருக்கும் பாதியை எப்படியும் பிறகு போட்டோஷாப்பில் மாஸ்க் போட்டு மறைத்துவிடலாம். குழிக்கு 5 வீதம் 14 குழிக்கு 70 புளியங்கொட்டை. ஒரு குழியில் நாலு சேர்ந்ததும் “பசு!” என்று அள்ளினாள் பாருங்கள், அந்த முகம்தான் படத்தில் இருக்கிறது. முத்து இடம் மாறிக்கொண்டே இருந்ததால் பலகையை மட்டும் ஒரே ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது உருவத்துக்கு அவள் ஒப்பவில்லை. “நான் எதுக்குடி களவாங்கணும்? சின்னவதான் களவாங்குவா.” சின்னவள் அவள் தங்கச்சி, இறந்து 15 வருடமாகிறது. கொட்டாவி விடுவதுபோல வாயைப் பொத்தி முத்தை உள்ளே அடக்கிக்கொள்வாளாம். சொல்லிவிட்டு எழுந்து போனவள், டிரங்குப் பெட்டியிலிருந்து தங்கச்சியின் கண்டாங்கிச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். தூணோரம் உட்கார்ந்து, இடது கையால் வாயைப் பொத்தி, வலது கையைப் பலகைப் பக்கம் நீட்டினாள். நான் எதுவும் சொல்லித் தரவில்லை.

போட்டோஷாப்பில் மூன்று படமும் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று லேயர். மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், அவ்வளவுதான். உடம்பின் ஓரத்தோடு ஒட்டி வெட்டாதீர்கள். நிழலும் சேர்ந்து வரும்படி ஒரு கை அகலம் தள்ளியே பிரஷ்ஷை ஓட்டுங்கள், நிழல் இல்லாத ஆள் தரையில் உட்கார்ந்த மாதிரியே இருக்காது. சின்னவளின் கை இன்னொரு அப்பத்தாவின் தோளைத் தாண்டும் இடத்தில் மட்டும் இரண்டு மணி நேரம் போனது. நரைமுடியை இழை இழையாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அப்போது அந்தக் கால போட்டோகிராபர் ரெய்லாண்டரைத்தான் நினைத்துக்கொண்டேன். ஸ்வீடனில் பிறந்து இங்கிலாந்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். 1857-லேயே 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கியவர். 1871 வாக்கில் இன்னொன்று செய்தார்: ஓவியர் கோலத்தில் நிற்கும் அவரே, தொண்டர் படைச் சீருடையில் நிற்கும் அவரை நமக்கு அறிமுகப்படுத்துகிறார்! எல்லாம் இருட்டறையில், செய்ததைத் திருப்ப அன்டூ பொத்தான் இல்லாமல். எத்தனை பொறுமை இருந்திருக்க வேண்டும்.

பிரிண்ட் போட்டு அப்பத்தா கையில் கொடுத்தேன். ஆடிக்கொண்டிருக்கும் தன் இரண்டு உருவத்தையும் விட்டுவிட்டு, தூணோரத்தில் இருப்பவள் மேல் விரலை வைத்தாள்.

“சின்னவ வாயில இன்னும் முத்து இருக்குடி” என்றாள்.