டிரம்மிலிருந்து டொலுவீன் பிடிக்கும்போது ஷாக்

பீன்யா_யூனிட்:
பெங்களூரு பீன்யாவில் சின்ன பெயிண்ட் யூனிட். 200 லிட்டர் டிரம்மிலிருந்து 20 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் டொலுவீன் (பெயிண்ட் கரைப்பான்) பிடிக்கிறோம். பிப்ரவரி வந்தால் கையில் சுருக்கென்று அடிக்கிறது. டிரம்முக்கு எர்த் கொடுத்தால் போதுமா சார்?

சேஃப்டி_குமார்:
போதாது. டொலுவீன் மின்சாரத்தைக் கடத்தாது. குழாயில் ஓடும்போதே நிலைமின்சாரம் சேரும். பிளாஸ்டிக் கேனுக்கு எர்த் கொடுக்கவே வழியில்லை, அதை இன்றைக்கே ஒழியுங்கள். உலோகக் கேன் வாங்கி, டிரம்மோடு ஒயரால் இணைத்து, டிரம்மை எர்த்தில் சேருங்கள். ஒயர் கிளாம்ப்பின் பல் டிரம் மேல் பூசிய பெயிண்ட்டைத் துளைத்து இரும்பைத் தொடணும். பலர் பெயிண்ட் மேலேயே மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்! மூடி திறக்குமுன் மாட்டுங்கள், எல்லாம் மூடியபின் கழற்றுங்கள். குழாய் முனை கேனின் அடியைத் தொடட்டும். மேலிருந்து கொட்டினால் தெறித்து இன்னும் சார்ஜ் ஏறும்.

கெமிக்கல்_வாசு:
டொலுவீனின் ஃபிளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 4 டிகிரி செல்சியஸ், அதாவது நம்ம ஊர் டிசம்பர் குளிரிலும் அந்த ஷாக் பொறியில் ஆவி பற்றும். காற்றைவிட 3 மடங்கு கனம், தரையோடு ஊர்ந்து அடுத்த ரூம் வெல்டிங் வரை போகும். எக்ஸாஸ்ட் கூரையில் இருந்தால் வீண். தரையோரம் வையுங்கள், மோட்டார் ஃபிளேம்புரூஃப் (உள்ளே பொறி வந்தாலும் வெளியே தீ பரவாத வகை).

பீன்யா_யூனிட்:
துடைத்த காட்டன் வேஸ்ட்?

கெமிக்கல்_வாசு:
மூடி போட்ட இரும்பு டப்பா, தினமும் காலி. தீ பிடித்தால் ஃபோம் அல்லது டிசிபி (உலர் ரசாயனப் பொடி). தண்ணீர் பீய்ச்சினால் பரவும்.