அம்மம்மா வைத்த 'வை'

முறிகண்டியான்:
கனடாவில் பிறந்த அக்காவின் மகன் போன ஆவணியில் வந்து நின்றான். ஏழு வயது. யாழ்ப்பாணம் போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்றது. சாரதி இறங்கித் தேங்காய் உடைத்தார். பெடியன், ஏன் என்பதை ஆங்கிலத்தில், "வை?" என்றான். அக்கா விளக்கம் சொன்னாள். திரும்பவும் "வை?" பக்கத்தில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்த அம்மம்மா, சரையை அப்படியே தூக்கி அவன் மடியில் போட்டார். "வை வை எண்டு கரைச்சல் குடுக்காதை. இந்தா, வைச்சிட்டன்!" முன்சீட்டுக்காரரும் சிரித்துவிட்டார்கள். இந்தச் சொல்லால் வேறு யாராவது மாட்டுப்பட்டீர்களா?

மாங்குளத்தான்:
நான் நேர்முகத்திலேயே மாட்டுப்பட்டேன். உள்ளே போனதும் அந்த வெள்ளைக்காரர், "வை டோன்ட் யூ சிட் டவுன்?" என்றார். ஏன் இருக்கவில்லை என்று விசாரிக்கிறார் என நினைத்து, "சேர், நீங்கள் சொல்லவில்லை" என்று நின்றபடியே ஆங்கிலத்தில் காரணம் சொன்னேன். மனுசன் கதிரையை இழுத்துக் காட்டினார். வேலை கிடைக்கவில்லை, அது வேறு கதை. வீட்டுக்கு வரும் வழியில் மாமா வீட்டுப் படலையடியில் நின்றேன். "ஏன் தம்பி வெளியிலை நிக்கிறாய்? வந்து இருமன்" என்றார். நான் அவருக்குக் காரணம் சொல்லவில்லையே!

விசுவமடு வாத்தியார்:
படிப்பித்த காலத்தில் பிள்ளைகள் இந்தச் சொல்லில் 'எச்' எழுத்தை விட்டுவிடுவார்கள். அவர்களில் பிழையில்லை, ஒலி கேட்டால்தானே எழுதுவார்கள். பழைய ஆங்கிலத்தில் அது 'ஹ்வீ'. 'எச்' முன்னுக்கு நின்றது, ஒலித்தது. 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு எழுத்தர்கள் அதைப் பின்னுக்குத் தள்ளி எழுதத் தொடங்கினார்கள். 'ஈ' ஓசை பிறகு 'ஐ' ஆனது. ஸ்கொட்லாந்தில் சிலர் இன்றைக்கும் 'ஹ்வை' என்றுதான் சொல்வார்கள்.
எனக்குப் பிடித்தது வேறொன்று. 'ஹ்வீ' என்பது அவர்களின் 'என்ன' என்ற சொல்லுக்கு மூன்றாம் வேற்றுமை போட்ட வடிவம். நாங்கள் 'எது' என்பதோடு 'ஆல்' சேர்த்து 'எதனால்' என்கிறோமே, அதே வேலை. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி வாங்கும் நிமிரும்.

வவுனியாப் பொடியன்:
சேர், எங்கள் கடைக்கு வரும் சிங்கள ஆட்கள் 'கவுத', 'கொஹெத', 'கொஹொமத' என்பார்கள். யார், எங்கே, எப்படி. எல்லாம் 'க'வில் தொடங்குது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கோ?

விசுவமடு வாத்தியார்:
இருக்கு தம்பி. சமஸ்கிருதத்தில் 'க', லத்தீனில் 'க்வ', பழைய ஆங்கிலத்தில் 'ஹ்வ', எல்லாம் ஒரே வேர். கேட்டால் நம்பமாட்டாய், 'கொஹொமத'வும் ஆங்கில 'ஹவ்'வும் தூரத்துச் சொந்தம். எங்கள் 'எ' வேறு குடும்பம்.

முறிகண்டியான்:
இதெல்லாவற்றையும் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன், உனக்கு வேறை வேலை இல்லையோ?" என்றார்.