புதுப்பிப்பு: அந்த ரே-பான் போலி இல்லை

நம் சேகரிப்பாளர் நண்பர் விற்ற பழைய ரே-பான் ஏவியேட்டர் கூலிங் கிளாஸ் போலி என்று கிளம்பிய பேச்சை மறுத்து முன்பு எழுதியிருந்தேன். இப்போது வாங்கியவரே லென்ஸின் ஓரத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். கீலுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற பொடி எழுத்து: பி.எல். 'ரே-பானைக் குறிக்கும் ஆர்.பி. இல்லையே' என்பதுதான் குற்றச்சாட்டே! 1999-இல் இத்தாலியக் கண்ணாடி நிறுவனமான லக்சோட்டிகா கைக்குப் போகும்வரை ரே-பான், பாஷ் அண்ட் லாம்ப் (சுருக்கமாக பி.எல்.) என்ற அமெரிக்க நிறுவனத்திடம்தான் இருந்தது. அந்தக் காலத்து லென்ஸில் பி.எல். இல்லாமல் வேறென்ன இருக்கும்?

சரி, அந்த எழுத்தை மட்டும் வைத்து அசல் என்று அடித்துச் சொல்ல முடியாது, அதையும் போலியாகப் பொறிக்கிறார்கள். ஃபிரேம், மூக்குப்பட்டை எல்லாமே பொருந்துகின்றன. வாங்கியவர் திருப்பித் தரப்போவதில்லையாம். புரளி கிளப்பியவர் அமைதியாகிவிட்டார், மன்னிப்பைத்தான் காணோம். நண்பரிடம் வாங்கத் தயங்கியவர்கள் தாராளமாகப் பேசலாம்.