‘ஹவுஸ் இஸ் பில்டிங்’ வாக்கியங்களை மட்டும் பிரித்தெடுக்க வழி உண்டா?

ஆங்கிலச் செயப்பாட்டு வினையின் வரலாறு பற்றிய முதுகலை ஆய்வில் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

18ஆம் நூற்றாண்டில் வீடு கட்டப்பட்டுக்கொண்டிருப்பதை ‘தி ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றே எழுதினார்கள். ‘இஸ் பீயிங் பில்ட்’ பிறகுதான் பரவியது. கவிஞர் ராபர்ட் சவுத்தி 1795இல் எழுதிய கடிதத்தில், நாவிதர் பிடுங்கும் பல் ‘இஸ் பீயிங் டோர்ன் அவுட்’ என்று வருகிறது. 19ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் பலர் அதைக் கடுமையாக எதிர்த்தும் அதுவே நிலைத்தது. அந்த மாற்றத்தின் வேகத்தை அளக்க வேண்டும்.

புது வடிவத்தைத் தேடுவது சுலபம். பழையதுதான் பாடாய்ப் படுத்துகிறது. கூகுள் என்கிராமில் (நூல்களில் ஒரு சொற்றொடர் ஆண்டுவாரியாக எவ்வளவு வருகிறது என்று காட்டும் தளம்) ‘இஸ் பில்டிங்’ என்று தேடினால் ‘ஹி இஸ் பில்டிங்’ எல்லாம் சேர்ந்தே வருகிறது. அப்புறம் ஓல்டு பெய்லி கார்ப்பஸில் (லண்டன் நீதிமன்ற விசாரணைப் பதிவுகளின் தொகுப்பு, 1720–1913) வினைக்குப் பின் செயப்படுபொருள் இல்லாதவற்றை வடிகட்டிப் பார்த்தேன். ‘தி மேன் இஸ் ஈட்டிங்’ மாதிரியானவை உள்ளே வந்துவிடுகின்றன. வாக்கிய உறுப்புகளைக் குறித்துத் தரும் பைத்தான் நிரலகமான ஸ்பேசியில் ஓட்டினாலும் ‘ஹவுஸ்’, ‘மேன்’ இரண்டுக்கும் ஒரே எழுவாய்க் குறிதான் விழுகிறது. ‘ஹவுஸ்’, ‘பிரிட்ஜ்’, ‘டின்னர்’ என்று எழுவாயைக் கொடுத்துத் தேடினால் சுத்தமாக வருகிறது, ஆனால் வரைபடம் போடும் அளவுக்குத் தேறவில்லை.

பைத்தான் ஓரளவு தெரியும். எழுவாய் உயிரற்றது என்பதைத் தானாகவே கண்டறிந்து இந்தப் பழைய வாக்கியங்களைப் பிரிக்க, 18, 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பனுவல்களில் நம்பி ஓட்டக்கூடிய கருவி எது?