கடைசிப் பல்லவியில் சுருதி ஏறும் பாப் பாட்டுகள் தெரியுமா?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். முடியும் தறுவாயில் பல்லவி சட்டென்று மேல் சுருதிக்குத் தாவுமே, அப்படிப்பட்ட ஆங்கில பாப் பாட்டுகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன். 2015-க்குப் பிறகு வந்தவை மட்டும் போதும்.

பழையவை தாராளமாக இருக்கின்றன. 1987-இல் வந்த மைக்கேல் ஜாக்சனின் 'மேன் இன் த மிரர்' பாட்டில் 'சேஞ்ச்' என்று பாடும் அந்த இடத்திலேயே சுருதி மாறும். இதற்கு மேல் என்ன வேண்டும்? பியான்ஸேயின் 'லவ் ஆன் டாப்' (2011) நாலு முறை ஏறும். பான் ஜோவியின் 'லிவின் ஆன் எ பிரேயர்' ஒரே தாவலில் மூன்று செமிடோன் (அரைச்சுரம்) ஏறும். கரோக்கியில் அந்த இடத்தில்தான் எல்லோரும் கவிழ்வார்கள். இப்போதைய பாட்டுகள் ஏறவும் பயந்து, இறங்கவும் பயந்து ஒரே இடத்தில் நிற்கின்றன என்பது என் கட்சி. மறுப்பவர்கள் உதாரணத்தோடு வாருங்கள். (கர்நாடக இசையில் ஒரு ராகத்தின் வேறொரு சுரத்தை ஆதாரமாகக் கொண்டு இன்னொரு ராகத்தைக் காட்டும் கிரகபேதம் வேறு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.)

அப்புறம், பாட்டைப் பிரித்துக் காட்டும் பாட்காஸ்ட்களும் வேண்டும். 'சாங் எக்ஸ்ப்ளோடர்', 'ஸ்விட்ச்டு ஆன் பாப்' இரண்டும் கேட்டாயிற்று. முன்னதை 2020-இல் நெட்ஃப்ளிக்ஸ் தொடராகவும் எடுத்தார்கள். காட்சி வந்ததும் காது தூங்கிவிடுகிறது, ஆர்.இ.எம். ராக் குழுவின் எபிசோட் மட்டும் விதிவிலக்கு. தமிழ்ப் பாட்டுகளை இதேபோல் ஒவ்வொரு கருவியாகப் பிரித்துப் பேசும் பாட்காஸ்ட் ஏதாவது தெரிந்தால் பெயர் சொல்லுங்கள். வெறும் பாராட்டுரை வேண்டாம்.